நுண்ணுயிர் கண்ட அந்தோணி வான் லீவன்ஹூக்

அறிஞர் அவையில் வைத்தெண்ணப்படுவாருட் பலர் பெரிய கலாசாலைகளிற் பயின்று பட்டம் பெற்றவராவர். அங்ஙனமின்றி, ஒரு கலாசாலையின் வாயிலையும் மாணாக்கராய் மிதியாது, இலத்தீன் மொழியில் ஓர் எழுத்தும் அறியாது, துணிக்கடை வைத்துப் பிழைத்த ஒருவர், மக்கட்குலம் தோன்றிய நாள் தொட்டு எவர் கண்ணுக்கும் புலனாகாதிருந்த ஓர் உலகத்தைக் கண்டு கூறினர் என்றால், அவர் வரலாற்றை அறிதற்கு அவா எழுதல் இயல்பேயாம். அவரே ஒல்லாந்து நாட்டு டெல்ப்ட் நகரத்து அந்தோணி வான் லீவன்ஹூக் என்பார். நம் சங்கப் புலவருள்ளும் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என ஒருவர் உளர். அறுவை என்பது துணி. துணி விற்றார் ஒருவர் செய்யுளும் யாத்தனர் எனக் கண்டு மகிழும் தமிழ் மாணாக்கர்க்கு, துணி விற்றார் மற்றொருவர் கிருமி நூலுக்கு முதல்வராயினர் என்பது அத்துணைப் புதுமையாகத் தோன்றாது போலும்.

இவர் 1632-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள் டெல்ப்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் கூடை முடைவோர். தாயார் மது வடிப்போர் குடியிற் பிறந்தவர். நவம்பர் 4-ஆம் நாள் அந்நகரத்துப் புதுக்கோயிலில் இவருக்கு ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டது. அதற்கு நான்கு நாள் முன்னர் அதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற மற்றொரு குழவி, பின்னாளில் உலகம் போற்றும் ஓவியராய் விளங்கிய யோகன்னஸ் வெர்மீர் ஆவர். ஒளியின் இயல்பைத் தூரிகையால் ஆராய்ந்தவர் ஒருவர். கண்ணாடி வில்லையால் ஆராய்ந்தவர் மற்றவர். இருவரும் ஒரே ஊரில் ஒரே திங்களில் தோன்றினமை நினைத்து மகிழத்தக்கது. வெர்மீர் கடன்பட்டு இறந்தபின், 1676-இல் அவர்தம் உடைமைகளை மேற்பார்த்துத் தீர்வு செய்யுமாறு நகர மன்றத்தார் நியமித்ததும் நம் லீவன்ஹூக்கையே. இவ்விருவரும் உயிரோடிருந்த காலத்தில் நண்பராயிருந்தனர் என்று கதை புனைவாரும் உளர். அதற்குச் சான்றில்லாமையால் அதனை இங்கு விடுத்தோம்.

ஐந்து வயதிலேயே இவர் தந்தையை இழந்தார். தாயார் மறுமணம் புரிந்தபின், வார்மண்ட் என்னும் சிற்றூர்ப் பள்ளியிற் சிறிது பயின்று, பின்னர்த் தம் உறவினர் ஒருவர்பாற் சில காலம் தங்கினார். 1648-இல், பதினாறாண்டுப் பிள்ளையாய், ஆம்ஸ்டர்டாம் நகரத்துத் துணி வாணிகர் ஒருவரிடம் தொழில் பயிலச் சென்றார். ஆறாண்டு கழித்துத் தம் ஊர்க்கு மீண்டு, 1654-இல் பார்பரா தெ மெய் என்னும் நங்கையை மணந்து, சொந்தமாகத் துணிக்கடை தொடங்கினார். பிறந்த மக்கள் ஐவருள் மரியா என்னும் மகள் ஒருத்தியே பிழைத்திருந்தாள். 1666-இல் மனைவியும் இறந்தனள். இவர் 1671-இல் கொர்நேலியா என்பாரை மறுமணம் செய்துகொண்டார். மரியாளோ மணஞ்செய்து கொள்ளாது தன் தந்தையுடனேயே இறுதி வரையும் இருந்து அவரைப் பேணினாள்.

1660-இல் நகர மன்றத்து அறைக் காப்பாளராக இவர் நியமிக்கப்பட்டார். அறையைத் திறத்தலும் பூட்டுதலும், துப்புரவு செய்வித்தலும், குளிர்காலத்தில் நெருப்பு மூட்டுவித்தலுமே அப்பதவியின் கடமைகள். பிற்காலத்தில் நில அளவர் பதவியும், மதுப்பீப்பாய்களின் கொள்ளளவைக் கணிக்கும் பதவியும் பெற்றார். இவற்றைச் சிறு பணிகள் என்று எள்ளுதல் கூடாது. வயிற்றுக் கவலையை ஒழித்து நெடிய ஓய்வையும் நல்கிய இப்பணிகளே இவரை ஆராய்ச்சியாளராக்கின. அளவு காணும் பழக்கமும் இவற்றால் வளர்ந்திருத்தல் வேண்டும். தாம் கண்ட உயிர் ஒவ்வொன்றையும் மணற்பொடியோடும், பேனின் கண்ணோடும், தலைமயிரின் பருமையோடும் ஒப்பிட்டு அளவு கூறாமல் இவர் விட்டதில்லை.

துணி வாணிகர் நெசவின் இழைகளை எண்ணிப் பார்ப்பதற்குச் சிறு பூதக்கண்ணாடியைக் கையாளுதல் அக்காலத்து வழக்கம். அதுவே இவருக்கு முதல் தூண்டுதலாயிருந்தது என்பர். 1665-இல் இலண்டன் இராயல் சொஸைட்டியைச் சார்ந்த ராபர்ட் ஹூக் என்பார், நுண்பொருள்களின் பெரிய படங்கள் நிறைந்த நூலொன்றை வெளியிட்டிருந்தார். லீவன்ஹூக் சில ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து சென்றபொழுது அந்நூலைக் கண்டிருத்தலும் கூடும். எவ்வாறாயினும், நாற்பது வயதளவில் இவர் தாமே கருவி செய்து நோக்கத் தொடங்கிவிட்டார்.

அக்கருவியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இக்காலத்துக் கலாசாலைகளில் மேசைமீது நிற்கும் கருவியை மனத்திற்கொண்டு இதனை எண்ணுதல் தவறு. இரண்டு அங்குலம் நீளமும் ஓர் அங்குலம் அகலமுமுள்ள இரு பித்தளைத் தகடுகள். அவற்றினிடையே சிறுமணி போன்ற ஒரே ஒரு கண்ணாடி வில்லை. வில்லைக்கு எதிரே ஓர் ஊசிமுனை. அம்முனையை மேலுங் கீழும் முன்னும் பின்னும் நகர்த்தும் திருகாணிகள். இவ்வளவே. பொருளை ஊசிமுனையிற் பதித்து, தகட்டைக் கண்ணிமையோடு ஒட்டப் பிடித்து, வானத்து ஒளியை நோக்கிப் பார்த்தல் வேண்டும். இன்று எஞ்சியிருக்கும் கருவிகளுள் உத்ரெக்ட் நகரக் காட்சிச்சாலையில் உள்ளது ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டுகின்றது. இரண்டு வில்லைகளை அடுக்கிய அக்காலத்துப் பெருங்கருவிகள், உருவங்களைக் குழப்பி நிறச்சாயல் படியச் செய்தமையால், அவற்றினும் இச்சிறு கருவி எத்துணையோ தெளிவாகக் காட்டிற்று.

வில்லை செய்த முறையை மட்டும் இவர் எவர்க்கும் வெளிப்படுத்தவில்லை. அது முந்நூறாண்டுக்கு மேலாக மறைபொருளாகவே இருந்தது. 2021-இல் ஒல்லாந்து அறிஞர்கள் உத்ரெக்ட் கருவியைப் பிரியாமலே அதனுள் நியூட்ரான் கதிர்களைச் செலுத்திப் பார்த்து, உள்ளிருப்பது கண்ணாடியை நெருப்பில் உருக்கித் திரட்டிய சிறு உருண்டை என்று கண்டனர். இம்முறையையோ ஹூக் முன்னரே தம் நூலில் எழுதி வைத்திருந்தார்! அச்சில் ஏறி எல்லார் கையிலும் இருந்த ஒன்று மறைபொருளாக மதிக்கப்பட்டது வேடிக்கையே. ஆயினும் மறைவு கருவியில் மட்டும் இருந்ததில்லை என்பதே எம் கருத்து. பொருளை நோக்குதற்கேற்றவாறு பக்குவம் செய்யும் கைத்திறனே பெரிய மறைபொருள்.

1673-இல் டெல்ப்ட் நகரத்து மருத்துவர் ரெய்னர் தெ கிராப் என்பார் இவரை இராயல் சொஸைட்டிக்கு அறிமுகம் செய்து எழுதினார். அவ்வாண்டிலேயே அந்நல்லார் இளமையில் இறந்துபோயினர்; ஆயினும் அவர் இட்ட விதை பழுதுபடவில்லை. பூஞ்சணத்தையும், தேனீயின் கொடுக்கையும், பேனையும் பற்றி லீவன்ஹூக் எழுதிய முதற் கடிதம் சொஸைட்டியாரின் வெளியீட்டில் அச்சாயிற்று. அன்று தொடங்கி ஐம்பதாண்டுக் காலம் கடிதங்கள் ஓயவில்லை. இவை யாவும் இவர் தம் தாய்மொழியில், கடைத்தெருவிற் பேசும் எளிய ஒல்லாந்து நடையில் எழுதியவை. பிறமொழி கல்லாமைக்காக இவர் நாணியதுண்டேனும், அதற்காக எழுதாதிருந்ததில்லை. இலண்டனில் இருந்தோரே அவற்றை ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் பெயர்த்துக் கொண்டனர். கலை நூல்களைத் தாய்மொழியில் எழுதல் இயலுமோ என்று ஐயுறுவாரைக் காணுந்தோறும் எமக்கு இவர் நினைவு வருவதுண்டு.

1674-இல் தம் ஊர்க்கு அருகிலிருந்த ஏரியொன்றின் நீரைக் கலத்தில் எடுத்து வந்து நோக்கினார். பசிய நூல்கள் சுருள் சுருளாகக் கிடப்பதையும், அவற்றினிடையே எண்ணிறந்த சிற்றுயிர்கள் திரிவதையும் கண்டார். பின்னர் மழை நீர், கிணற்று நீர், கடல் நீர் எனப் பலவற்றையும் நோக்கினார். மிளகின் உறைப்பு நாவில் எவ்வாறு தோன்றுகிறது என்று அறிய விரும்பி மிளகை நீரில் ஊறவைத்து, 1676-இல் அவ்வூறல் நீரிற் பாக்டீரியா என்று இன்று நாம் வழங்கும் உயிர்களைக் கண்டனர். மிளகோ கீழ்த்திசையிலிருந்து கப்பல்களில் ஒல்லாந்துக்குச் சென்ற சரக்கு. ஒல்லாந்தர் கம்பெனியின் ஆறு கிளைகளுள் ஒன்று டெல்ப்ட் நகரிலேயே இருந்தது. நம் நாகப்பட்டினமும் அக்காலத்தில் அக்கம்பெனியார் வசமே இருந்தது. உறைப்பின் காரணம் இவருக்குப் புலப்படவில்லை. தேடியது கிடையாது தேடாதது கிடைத்தது.

அவ்வாண்டு அக்டோபர் 9-ஆம் நாளிட்ட நெடுங்கடிதத்தைப் படித்த இலண்டன் அறிஞர்கள் திகைத்தனர். ஒரு துளி நீரில் எண்ணற்ற உயிர்கள் என்றால் யார்தான் எளிதில் நம்புவர்? தோமா அப்போஸ்தலரைப் போலத் தாமே கண்டாலன்றி ஒப்புதல் செய்யோம் என்று சிலர் நின்றனர். அதிற் குற்றமில்லை, காணாததைக் கண்டதாகக் கூறுவாரும் எக்காலத்தும் உளரன்றோ? ஆயினும் துணிக்கடைக்காரருக்கு அது பெருஞ்சோதனையாயிருந்தது. அவர்க்குப் பட்டம் இல்லை. பின்னின்று தாங்கும் ஆசிரியர் இல்லை. தம் சொல்லின் மெய்ம்மையன்றி வேறு கைப்பொருளில்லை. கருவி செய்யும் முறையைத் தெரிவித்திருந்தால் ஐயம் ஒரே நாளில் நீங்கியிருக்கும். அதற்கு மனம் ஒருப்படவில்லை. ஆதலின், சபைப் போதகர்களும் பிற நன்மக்களுமாகிய எண்மரைத் தம் இல்லத்திற்கு வருவித்து, நீர்த்துளியைக் காட்டி, தாம் கண்டது மெய்யென அவர்கள் எழுதிய சான்றுகளை 1677-இல் இலண்டனுக்கு அனுப்பினார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் ஹூக் தாமும் மிளகு நீரை ஊறவைத்து, மயிரினும் மெல்லிய கண்ணாடிக் குழலில் ஏற்றி நோக்கி, சொஸைட்டி உறுப்பினர்க்கும் காட்டினார். ஐயம் ஒழிந்தது. 1680-இல் லீவன்ஹூக்கைத் தம்முள் ஒருவராகச் சொஸைட்டியார் தேர்ந்தெடுத்தனர். தாம் உறுப்பினராயிருந்த அச்சங்கத்தின் கூட்டம் ஒன்றிற்கேனும் இவர் சென்றதில்லை.

இனி, இவர் கண்டவற்றுள் எல்லாம் எம் உள்ளத்தை மிகக் கவர்ந்ததொன்றை விரித்துரைப்போம். அது தொலைவிலுள்ள ஏரியிலுமன்று, கீழ்த்திசை மிளகிலுமன்று. இவர் வாயிலேயே இருந்தது. 1683-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாளிட்ட கடிதத்தில் இச்செய்தி வருகின்றது. அப்பொழுது இவர்க்கு ஐம்பது வயது. காலைதோறும் உப்பினால் பல் தேய்த்து நீரால் வாய் கொப்பளிப்பதும், உண்டபின் பற்குச்சியால் இடுக்குகளைக் களைந்து துணியால் அழுத்தித் துடைப்பதும் இவர் வழக்கம். ஆதலின் அவ்வயதினரிற் சிலரே பெற்றிருந்த வெண்பற்களை உடையராயிருந்தார். அங்ஙனமிருந்தும், கண்ணாடியில் நோக்கியபொழுது, பற்களின் இடுக்குகளில் பிசைந்த மாவைப்போல வெண்மையான பற்று ஒன்று ஒட்டியிருக்கக் கண்டார். நாம் ஊத்தை என்று முகஞ்சுளித்துக் கூறும் பொருளே அது. முகஞ்சுளியாது அதனைச் சுரண்டி எடுத்தார் இவர்.

எடுத்ததை அப்படியே நோக்கின் ஒன்றும் விளங்காது. தடித்த பொருளினூடே ஒளி செல்லாது. செல்லினும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடப்பன பிரித்தறியப்படா. ஆதலின், உயிரிகள் இல்லை என்று முன்னரே தாம் நோக்கித் தெளிந்த தூய மழைநீரில் அப்பற்றைச் சிறிது கலந்தார். மற்றொரு பகுதியைத் தம் உமிழ்நீரிற் கலந்தார். அதிலும் காற்றுக் குமிழிகள் இல்லாத உமிழ்நீரையே தேர்ந்துகொண்டார். என்னை? குமிழி நகரின் உயிர் நகர்வதாகக் கண் மயங்கும். கலக்கும் நீரிலேயே உயிரிகள் இருப்பின் பல்லிலிருந்து வந்தவை எவை என்று துணிதல் ஏது? இவ்விரண்டு எச்சரிக்கைகளையும் இவர்க்குக் கற்பித்தவர் ஒருவருமிலர் என்பதை நினைக்குந்தோறும் வியப்பு மிகுகின்றது. பெருங்கருவியைப் பெற்றிருந்தும் இத்தகைய எச்சரிக்கையின்றி நோக்கியோர் பிற்காலத்திற் பலர். அவர்கள் கண்டனவாக எழுதியவை பல அழிந்துபோயின.

அத்துளியில் இவர் கண்ட காட்சி பெரிது. நீண்ட உடலுடைய சில, இரைமேற் பாயும் மீனைப்போல நேரே விரைந்தோடின. சில பம்பரம்போற் சுழன்றன. மிகச் சிறியன எண்ணற்றவை கொசுத்திரள்போல் மொய்த்தன. வளைந்து நெளிந்தனவும் இருந்தன. இவற்றின் படங்களையும் கடிதத்தோடு அனுப்பினார். இவர்க்குச் சித்திரம் எழுதும் கைவன்மை இல்லாமையால் ஓவியர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி வரைவித்தார். கோல் வடிவும், மணி வடிவும், நெளிந்த வடிவுமாகப் பாக்டீரியாவின் உருவங்கள் மனிதராற் படமெழுதப்பட்டது இதுவே முதன்முறை. ஐக்கிய ஒல்லாந்து நாட்டு மக்கள் தொகையினும் ஒருவர் வாயில் வாழும் உயிர்களின் தொகை பெரிது என்று இவர் எழுதியது நகைச்சுவைக்காக மட்டுமன்று, கணக்கிட்டே கூறினார்.

தம் வாயொன்றையே நோக்கி அமைந்தாரல்லர். நாள்தோறும் பல் துலக்கும் பெண்டிர் இருவர், எட்டு வயதுச் சிறார் ஒருவர், பிராந்தியும் புகையிலையும் ஓயாது பயின்ற ஒருவர் ஆகியோர் வாய்ப்பற்றையும் வாங்கி நோக்கினார். வாழ்நாளில் ஒருபொழுதும் பல் துலக்கியறியாத முதியோர் ஒருவரிடமும் சென்றார். அவர் பற்களிலிருந்து எடுத்த பற்றினைக் கலந்த நீர் முழுதுமே உயிர்த்து அசைவதுபோல் தோன்றிற்று. அம்முதியோர் இவ்வேண்டுகோளைக் கேட்டு என்ன நினைத்தனரோ!

இனி வருவதே நுட்பமானது. திராட்சைக் காடி இவ்வுயிர்களைக் கொல்லுமோ என்று அறிய விரும்பி, கடுமையான காடியை வாயிற் கொண்டு பற்களினிடையே பன்முறை ஓடவிட்டுக் கொப்பளித்து, பின்னர் நல்ல நீரால் மும்முறை வாய் கழுவினார். அதன்பின் பற்றினை எடுத்து நீரிற் கலந்து நோக்க, எண்ணிறந்த உயிர்கள் முன்போலவே ஓடித் திரிந்தன. காடிக்கு ஆற்றல் இல்லையோ என்று ஐயுற்று, கலந்த துளியிலேயே சிறிது காடியைச் சேர்த்துப் பார்த்தார். உடனே அவை மாண்டன. காடி ஒன்றே, உயிர்களும் ஒன்றே. பல்லில் ஒட்டியிருந்தபொழுது பிழைத்தன, நீரிற் பிரிந்து மிதந்தபொழுது இறந்தன. இதிலிருந்து, காடியானது பற்றின் புறத்தே இருந்தவற்றை மட்டும் கொன்றது, உள்ளே புகவில்லை என்று முடிவு செய்தார்.

பல்லாண்டுகளுக்குப் பின்னரும் இவ்வினாவை இவர் மறக்கவில்லை. 1692-இல் தம் முன்பற்களின் பற்றில் உயிர்கள் அரியவாயிருக்கக் கண்டு, தாம் காலைதோறும் சூடாகப் பருகிவந்த காப்பியே அவற்றைக் கொன்றிருத்தல் வேண்டும் என்று கருதினார். ஆயின் காப்பியின் சூடு எட்டாத கடைவாய்ப் பற்களில் நோக்க, அங்கே அவை முன்போலவே இருந்தன.

பற்றென்று இவர் கூறியதை இக்காலத்தார் உயிர்ப்படலம் என வழங்குவர். பாக்டீரியாக்கள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசையால் தம்மைச் சூழ அரண் கட்டிக்கொண்டு, கூட்டமாக வாழும் வாழ்க்கை அது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் காஸ்டர்ட்டன் முதலியோர் இதனை விரிவாக ஆராய்ந்தபின்னரே, கிருமிகள் பெரும்பாலும் தனித்து மிதப்பனவல்ல, ஒட்டி வாழ்வனவே என்பது நன்கு விளங்கிற்று. மிதக்கும் கிருமியைக் கொல்லும் மருந்து படலத்திலுள்ள கிருமியைக் கொல்லாமை மருத்துவர்க்கு இன்றும் பெருந்தலைவலியாக உள்ளது. காரணங்கள் பலவென்று இன்று அறிந்துள்ளோம். மருந்து உள்ளே சென்று எட்டாமை அவற்றுள் ஒன்று.

இப்படலத்தை நோக்கத்தக்கதாகப் பக்குவம் செய்தல் இன்றும் எளிதன்று. ஆய்வுக்கூடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டைக் கிருமி வளரும் நீரில் நிறுத்திச் சில நாள் விட்டால் அதன்மேற் படலம் படரும். ஒட்டாது மிதப்பவற்றை நீக்குமாறு அதனை மெல்லக் கழுவுவர். வலிந்து கழுவின் படலமே போய்விடும். எலெக்ட்ரான் கருவியில் நோக்க வேண்டின், பார்மலின் போன்ற மருந்தால் அவ்வுயிர்களை இருந்தவாறே நிலைக்கச் செய்து, சாராயத்தைச் சிறிது சிறிதாக மிகுத்து நீரை அகற்றி, உலர்த்தி, பொன்னை மெல்லப் பூசி நோக்குவர். ஆயின் அப்பசையிற் பெரும்பகுதி நீரேயாதலின், நீர் அகன்றவுடன் அது சுருங்கி நூல்நூலாகிவிடும். கண்ணிற்படுவது கோட்டையன்று, கோட்டையின் இடிபாடே. ஆதலின் ஈரம் உலராமலே ஒளிரும் சாயங்களை ஊட்டி, லேசர் ஒளிகொண்டு படலத்தை அறுக்காமல் அடுக்கடுக்காக நோக்கும் கருவியையும் கையாளுகின்றனர். ஒட்டிக்கொண்ட பழைய ஏட்டுச்சுவடிகளைக் கண்டிருப்போர்க்கு இவ்விடர் விளங்கும். வலிந்து பிரித்தால் எழுத்து உரிந்துபோகும். பிரிக்காவிட்டாற் படிக்க இயலாது. லீவன்ஹூக் நீரிற் கலந்து பிரித்தார், எழுத்துகளைக் கண்டார், ஏட்டின் கட்டுக்கோப்பைக் காணும் கருவி அன்று இல்லை. இல்லாதிருந்தும் காடிச் சோதனையால் அக்கட்டுக்கோப்பு ஒன்று உண்டென்பதை உய்த்துணர்ந்தாரே, அதனையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

பிற பக்குவங்களிலும் இவர் கை தேர்ந்தவர். சவர்க்கத்தியைத் தீட்டித் தக்கை, மரச்சோறு, மாட்டின் கண்ணரம்பு முதலியவற்றை ஒளி ஊடுருவும் மெல்லிய சீவல்களாக அறுத்தார். தசைநார்கள் நிறமின்றித் தெளிவுறாமை கண்டு, குங்குமப்பூவை ஊறவைத்த சாராயத்தால் அவற்றிற்கு நிறமூட்டினார். சாயமிட்டு நோக்கும் வழக்கத்திற்கு இதுவும் ஒரு தொடக்கம். நன்றாக அமைந்த பொருளை ஊசிமுனையிலிருந்து எடுக்க மனமின்றி, அதற்கென அக்கருவியையே ஒதுக்கிவைத்து, அடுத்த பொருட்கு வேறு கருவி செய்துகொள்வார். இவர் விட்டுச்சென்ற கருவிகள் நூற்றுக்கணக்காயின தன் காரணம் இதுவே.

தவளைக்குஞ்சின் வாலிலும் விலாங்கின் வாலிலும் செந்நீர் நுண்குழல்களினூடே ஓடித் திரும்புவதைக் கண்டதும், மணலிலிருந்து சிப்பியும் புழுதியிலிருந்து தெள்ளுப்பூச்சியும் தாமே தோன்றும் என்ற பழங்கொள்கையை மறுத்து அவை முட்டையிலிருந்தே பிறக்கின்றன என்று காட்டியதும் இவர்தம் பிற பணிகள். எத்துணைச் சிறிய உயிரும் தன் இனத்திலிருந்தே பிறக்குமாறு படைத்தவர் ஏற்பாடு செய்துள்ளார் என்பது இவர் உறுதி. 1702-இல், கூரைத் தூம்பில் உலர்ந்து கிடந்த துகளை நீரில் இட, சக்கரம்போற் சுழலும் உறுப்புடைய சிற்றுயிர்கள் விரிந்து உயிர்த்தெழுந்து நீந்தியதையும் எழுதினார்.

புகழ் பெருகவே அரசரும் பெருமக்களும் வரலாயினர். 1698-இல் ரஷியப் பேரரசர் பீட்டர் தம் படகிற்கு இவரை அழைப்பித்து, விலாங்கின் வாலிற் செந்நீரோட்டம் கண்டு மகிழ்ந்தார். வருவோர்க்கெல்லாம் காட்டுதற்கெனச் சில கருவிகள் உண்டு. தாம் ஆராயும் சிறந்த கருவிகளை எவர்க்கும் காட்டுவதில்லை. மாணாக்கரைப் பயிற்றுமாறு லைப்னிட்ஸ் என்னும் பேரறிஞர் வேண்டியும் இவர் இசைந்திலர். இஃது இவர்பால் நாம் காணும் குறையே. பிறர் தம் முறையைக் களவாடுவர் என்றும், இளைஞர்கள் பொருளுக்கும் புகழுக்குமே கற்பர் என்றும் ஐயுற்றார். அவ்வையத்திற்கு உலகம் விலை கொடுத்தது. 1692-இலேயே ஹூக், நுண்பொருளாராய்ச்சி லீவன்ஹூக் ஒருவரோடு நின்றுவிட்டதே என வருந்தினார். நுண்ணுயிர்களுக்கும் நோய்களுக்கும் உள்ள தொடர்பை உலகம் தெளிய இவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு செல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிற காரணங்களும் உளவெனினும், ஒரு பள்ளியேனும் இவரால் நிறுவப்பட்டிருப்பின் அக்காலம் குறுகியிருக்கும் என்று நினையாதிருத்தல் இயலவில்லை.

முதுமையிலும் இவர் ஓய்ந்தாரில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசை இடையிடையே வெட்டியிழுக்கும் அரிய நோயொன்று இறுதியில் இவரைப் பற்றியது. மருத்துவர் அதனை இருதயத் துடிப்பென்றனர். இவரோ அது தசையின் துடிப்பென்று கருதி, அத்தசையை ஆட்டிலும் மாட்டிலும் எடுத்து நோக்கி, தம் நோயின் விவரத்தையும் இலண்டனுக்கு எழுதினார். இவர் கருதியதே சரியென்று பின்னாளில் ஒப்புக்கொள்ளப்பட்டு, அந்நோய்க்கு இவர் பெயரே வழங்கலாயிற்று. படுக்கையிற் கிடந்த இறுதி நாட்களிலும், தம் கடிதங்கள் இரண்டை இலத்தீனிற் பெயர்த்துச் சொஸைட்டிக்கு அனுப்புமாறு நண்பரிடம் வேண்டிக்கொண்டார். 1723-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள், தொண்ணூறாண்டு நிறைந்து, மரியாளின் பக்கத்தில் உயிர் நீத்தார். டெல்ப்ட் நகரத்துப் பழைய கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். பதினாறாண்டு கழித்து அம்மகள் அங்கே தந்தைக்கு ஒரு நினைவுக்குறி எழுப்பினாள்.

இராயல் சொஸைட்டிக்கு இவர் எழுதி வைத்த வெள்ளிக் கருவிகள் இருபத்தாறும் பேழையோடு சென்று சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை எங்கோ மறைந்துபோயின. மரியாள் இறந்தபின் 1747-இல் எஞ்சிய கருவிகள் ஏலத்தில் விற்கப்பட்டுச் சிதறின. ஆயினும் 1674-இல் இவர் கடிதத்தோடு சிறு பொட்டலங்களாக மடித்து அனுப்பிய தக்கைச் சீவலும் மரச்சோறும் கண்ணரம்புத் துண்டும், சொஸைட்டியின் கடிதக் கட்டுகளுள் ஒருவரும் பிரியாதபடி முந்நூறாண்டு கிடந்தன. 1981-இல் பிரையன் போர்ட் என்பார் அவற்றைக் கண்டெடுத்து, உத்ரெக்டில் உள்ள பழைய கருவியைக்கொண்டே நோக்கினார். கத்தி சென்ற சுவடு சிறிதும் பிசகாமல், சீவல்கள் அன்று அறுத்தபடியே இருந்தன.